கொடுமுடி கோகிலம்

காவிரிக் கரையிலே, கொங்கு நாட்டுக் கொடுமுடித் தலத்தில், 1908ஆம் ஆண்டு பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். வறுமை வாய்ந்த குடும்பம். பள்ளிக் கல்வியை நிரம்பப் பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும், தமிழ்ச் சொல்லை எவ்வாறு ஒலிக்கவேண்டும் என்பதை எம்போன்ற ஆசிரியர் பலரினும் தெளிவாக நாட்டுக்கு உணர்த்தியவர் அவரே என்பது என் துணிபு.

இளமையிலேயே அவர் நாடகக் குழுவிற் சேர்ந்தார். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைக்கோடியில் அமர்ந்திருப்பவர் செவியிலும் சொல் சிதையாமற் சென்று விழவேண்டும். உச்சத்தில் நின்று பாடும்போதும் எழுத்தின் உருவம் கெடாத அவரது குரல், அப்பயிற்சியின் பயனேயாகும்.

அவர் வாழ்வின் பெருந்திருப்பம் நம் இலங்கையில் நிகழ்ந்தது என்பதை மாணவர் பலர் அறியார். 1926ஆம் ஆண்டிலே கொழும்பு மேடையில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் அவர் இணைந்து நடிக்கலானார். கிட்டப்பாவோ இசை நாடக உலகின் ஈடற்ற பாடகர். அவரெதிரே நின்று பாடித் தம் இடத்தை நிலைநாட்டினார் சுந்தராம்பாள். மேடைத் துணை மணவாழ்வாக மலர்ந்தது. எனினும் அவ்வாழ்வு இனிது நிலைக்கவில்லை. கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவியிருந்தார். பிறந்த குழந்தை இறந்தது. இருவரிடையே பிரிவும் நேர்ந்தது. 1933ஆம் ஆண்டு டிசம்பரில், தமது 27ஆம் அகவையிற் கிட்டப்பா மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்று வெண்ணிற ஆடை தரித்தவர், இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். காதற் காட்சியே கதாநாயகிக்கு உயிரென்றிருந்த துறையில், இவ்வுறுதி தொழிலையே துறப்பதற்கு ஒப்பாகும். ஆனால் நடந்தது வேறு. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் என்பர்; அந்நாளில் அது கேட்டவரைத் திகைக்கச் செய்த தொகை. 1940இல் துறவி மணிமேகலை, 1953இல் எஸ். எஸ். வாசனின் ‘ஔவையார்’, 1964இல் ‘பூம்புகார்’ படத்திற் கவுந்தியடிகள், 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவை. அடியார், துறவி, மூதாட்டி என அவர் ஏற்ற வேடங்களை நோக்குங்கள்! துயரம் இட்ட வேலியே அவருக்கு விளைநிலமாயிற்று.

கலகெதரையில் யான் ஆத்திசூடி கற்பிக்கும்போது, மாணவர் மனத்தில் எழும் ஔவையின் தோற்றம் சுந்தராம்பாளின் தோற்றமேயாகும். அதியமானின் நண்பரான சங்ககால ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவை வேறு. திரைப்படமோ எல்லோரையும் ஒருவராக்கிவிட்டது. இதனை ஆண்டுதோறும் திருத்துவது என் கடமையாகிறது. திருத்துகிறேன், ஆயினும் அம்மையார்மீது சினம் கொண்டதில்லை. சிங்களம் மிகுதியும் வழங்கும் இச்சூழலில், லகர ளகர ழகர வேறுபாட்டை எம் பிள்ளைகள் கேட்டறியும் இடங்கள் சிலவே. இலக்கண நூற்பாவால் விளங்காத மாணவனுக்கு அவரது இசைத்தட்டுப் பாடலைக் கேட்பித்தால், நாவின் நிலை தானே அமைந்துவிடுகிறது.

விடுதலை இயக்க மேடைகளில் அவர் பாடியதும், சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்ததும், ‘துணைவன்’ படப்பாடலுக்காகத் தேசிய விருது பெற்றதும், 1970இற் பத்மஸ்ரீ விருதால் மதிக்கப்பெற்றதும் வரலாறு. 1980இல் மறையும்வரை, 47 ஆண்டுகள் தாம் பூண்ட உறுதி தவறாது வாழ்ந்தார்.

தமிழாசிரியராகப் பயில்வோர்க்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. பாட்டைப் பொருளுரைத்துக் கற்பிக்குமுன், அதனை ஒருமுறை வாய்விட்டு இசையுடன் ஓதுங்கள். எழுத்து செவிவழிப் புகுந்தபின்னரே பொருள் நெஞ்சில் தங்கும். இதற்குச் சுந்தராம்பாளினும் சிறந்த ஆசான் இலர்.