பி. விட்டலாச்சார்யா

பி. விட்டலாச்சார்யா (1920 - மே 28, 1999) தெலுங்கு, கன்னடத் திரைப்பட இயக்குனரும் தயாரிப்பாளரும் ஆவார். நாட்டுப்புற மாயக்கதைகளையும் பேய்க் கதைகளையும் திரைக்குக் கொண்டுவந்தமைக்காக அறியப்படுகிறார். தெலுங்குத் திரையுலகினர் இவரை ஜானபத பிரம்மா என்று அழைத்தனர். இவருடைய படங்கள் பல தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டதால் தமிழ்நாட்டிலும் பெரும் புகழ் பெற்றார்.

இளமை

கர்நாடகத்தின் உடுப்பி அருகேயுள்ள உத்யாவரத்தில் பிறந்தார். தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி, சிறு வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறினார். அரசிக்கெரேயில் உணவகம் நடத்தினார். 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். விடுதலையான பின் டூரிங் டாக்கீஸ் நடத்தினார். ஊர் ஊராகப் படம் காட்டும் இத்தொழிலே இவரைத் திரைப்படத் துறைக்குள் கொண்டுவந்தது.

திரை வாழ்க்கை

மைசூரில் டி. சங்கர்சிங்குடன் இணைந்து மகாத்மா பிக்சர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். 1952இல் ஸ்ரீநிவாச கல்யாண என்ற கன்னடப் படத்தை இயக்கினார். பின்னர் விட்டல் புரொடக்சன்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கிச் சென்னையில் குடியேறினார்.

தொடக்கத்தில் சமூகப் படங்களை எடுத்தார். காந்தாராவ் நடித்த ஜெயவிஜய (1959) படத்திற்குப் பின் மாயக்கதைகளுக்குத் திரும்பினார். என். டி. ராமராவ் நடித்த பந்திபோட்டு (1963), அக்கி பிடுகு (1964), லட்சுமி கடாட்சம் (1970) ஆகியன இவருடைய புகழ்பெற்ற படங்களுள் சில.

பேய்க் கதைகள்

1978இல் வெளிவந்த ஜெகன்மோகினி இவருக்கு நிலையான புகழைத் தந்தது. நரசிம்மராஜு, ஜெயமாலினி, பிரபா ஆகியோர் இதில் நடித்தனர். வஞ்சிக்கப்பட்டு இறந்த பெண் மோகினியாகி, தான் விரும்பியவனை மறுபிறவியிலும் அடைய முயல்கிறாள். அவனுடைய மனைவி தன் பக்தியால் அவனைக் காக்கிறாள். கிராமங்களில் வழங்கும் மோகினிக் கதைகளின் அமைப்பே இது. இவ்வகைக் கதைகளில் பேய் வெறும் அச்சப் பொருளன்று. நியாயம் கிடைக்காத பெண்ணின் வடிவம். விறகுக்குப் பதிலாகப் பேய் தன் கால்களை அடுப்பில் வைத்து எரிக்கும் காட்சியை அக்காலத்தில் படம் பார்த்தவர்கள் மறப்பதில்லை. மதனமஞ்சரி (1980), நவமோகினி (1984) ஆகியன இதே வகையில் பின்னர் வந்தவை.

படமாக்கும் முறை

கணினி வரைகலை இல்லாத காலத்தில், ஒரே படச்சுருளில் இருமுறை பதிவு செய்தல், ஒளிப்படக்கருவியை நிறுத்திப் பொருளை மாற்றுதல் போன்ற உத்திகளால் மாயக்காட்சிகள் உருவாக்கப்பட்டன. விட்டலாச்சார்யா இவற்றைக் குறைந்த செலவில், குறித்த நாட்களுக்குள் முடிப்பதில் வல்லவர். ஒழுங்காகப் படப்பிடிப்புக்கு வராத நடிகரின் பாத்திரத்தைச் சாபத்தால் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிட்டுப் படத்தைத் தொடர்வார் என்று திரையுலகில் வேடிக்கையாகச் சொல்லப்படுவதுண்டு.

தாக்கம்

விமர்சகர்கள் பலர் இவரது படங்களைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் சிற்றூர்க் கொட்டகைகளில் சிறுவர்களும் பெண்களும் அவற்றைத் திரளாகக் கண்டனர். நம்பமுடியாத மாயக்காட்சி எதையும் விட்டலாச்சார்யா படம் என்று குறிப்பிடுவது தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது. ஏளனமாகச் சொல்லப்பட்டாலும், ஓர் இயக்குனரின் பெயர் ஒரு திரைப்பட வகைக்கே பெயராகியிருப்பது அரிது. ஜெகன்மோகினி 2009இல் நமீதா நடிக்க, என். கே. விஸ்வநாதன் இயக்கத்தில் தமிழில் மீண்டும் எடுக்கப்பட்டது.

மறைவு

விட்டலாச்சார்யா 1999ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் காலமானார்.