மதுரகவி பாஸ்கரதாஸ்

பாட்டைக் கேட்டு மகிழ்வோர் பாடியவரின் பெயரை மறப்பதில்லை. அப்பாட்டை இயற்றியவர் யாரென்று கேட்போர் மிகச் சிலர். கிட்டப்பா என்றால் முதியோர் முகம் மலரும், கே. பி. சுந்தராம்பாள் என்றால் இளைஞருக்கும் தெரியும். அவர் காலத்து மேடைகளுக்கும் இசைத்தட்டுகளுக்கும் பாட்டுக்களை வாரி வழங்கிய மதுரகவி பாஸ்கரதாஸ் என்னும் பெருமகனாரை அறிந்தோர் நம்மிற் சிலரே. அன்னாரின் வாழ்க்கையைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாஸ்கரதாஸ் பாண்டி நாட்டில் 1892-ஆம் ஆண்டிற் பிறந்தார். வெள்ளைச்சாமி என்பது அவரது இயற்பெயர். எமது கல்லூரியின் வளர்ச்சிக்கு அரும்பாடுபட்ட விபுலாநந்த அடிகள் காரைதீவிலே பிறந்ததும் அதே ஆண்டிலேதான். அடிகளார் ஒலி அடங்கிப்போன பழந்தமிழ் யாழிசையை நூல்களின் துணைகொண்டு ஆராய்ந்து 1947-இல் யாழ்நூலை உலகிற்கு அளித்தார். பாஸ்கரதாஸோ தம் காலத்து மக்களின் செவிக்கு உடனே இனிக்கும் மெட்டுக்களில் எளிய சொற்களை அமைத்தார். வழிகள் வேறாயினும் இருவரும் தமிழிசைக்கே பணி புரிந்தனர்.

அவர் வாலிபப் பருவத்தில் மதுரை நாடகக் கலையின் நடுநாயகமாக விளங்கியது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியதும் அந்நகரிலேதான். சபைகளைச் சாராது தனித்தனியே அழைக்கப்பட்ட நடிகர்கள் ஓரிரவு மட்டும் ஒன்றுகூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகங்களும் அக்காலத்திற் பெருகின. கதை யாவரும் அறிந்ததே. ஆகவே ஒத்திகை வேண்டியதில்லை. எந்த இடத்தில் எந்தப் பாட்டைப் பாடுவது என்பது பெரும்பாலும் நடிகரின் விருப்பத்தையே சார்ந்திருந்தது. புதிய பாட்டுக்களுக்கு அவர்கள் ஓயாது புலவரை நாடினர். அவ்வாறு நாடப்பட்டோருள் தலையாயவர் பாஸ்கரதாஸ்.

இவ்வழக்கமே தேசியப் பாட்டுக்கும் வாயிலாயிற்று. இந்தியாவில் 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் அரசாங்கத்துக்கு ஒவ்வாத நாடகங்களைத் தடுக்க இடமளித்தது. ஆயினும் வள்ளி திருமணம் போன்ற புராணக் கதையில் எவர் குற்றங்காண இயலும்? தினைப்புனத்திற் பறவைகளை ஓட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு ஒன்று எழும். அக்கொக்கு எதுவென்பது கொட்டகையில் அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் விளங்கும். காவலுக்கு நின்ற பொலிசாருக்கும் விளங்காமற் போகவில்லை. இப்பாட்டையும், 1919-ஆம் ஆண்டின் பஞ்சாப் படுகொலையைப் பற்றிய பாட்டையும் ஊரூராய்ப் பாடியவர் தியாகி விசுவநாததாஸ். அதற்காக அவர் பன்முறை சிறை சென்றார். 1940-ஆம் ஆண்டின் இறுதி இரவில், முருகன் வேடம் பூண்டு மயிலின்மேல் வீற்றிருந்தபடியே மேடையில் உயிர் நீத்தார்.

காந்தியடிகள் அரைத்துணி ஒன்றையே உடையாக மேற்கொண்டதும் மதுரையிலேதான். அது 1921-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நிகழ்ந்தது. அடிகளை ஏழைத் துறவியாகப் போற்றி பாஸ்கரதாஸ் யாத்த பாட்டைச் சுந்தராம்பாள் தம் வெண்கலக் குரலாற் பாடிப் பரப்பினார். செய்தித்தாள் படிக்க அறியாத உழவனும் அப்பாட்டால் நாட்டு நிலையை அறிந்தான். அவர் பாட்டுக்களுட் சில அரசாங்கத்தின் தடைக்கும் உள்ளாயின.

இப்பாட்டுக்கள் வந்த வழியில் எமது ஈழநாடும் இருந்தது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்து ஏற்பட்டபின் நாடகக் குழுவினர் இங்கு வருவது எளிதாயிற்று. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது 1926-ஆம் ஆண்டளவிற் கொழும்பிலே என்பது நாடக வரலாறு. மறு ஆண்டு திருக்கோணமலைக்கும் புகைவண்டி வந்தது. ஆங்கிலேயக் கடற்படை 1957 வரை தங்கியிருந்த இத்துறைமுகத்தில் அப்பாட்டுக்களின் பொருள் தமிழருக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும்.

நேரில் வந்து பாட இயலாத இடங்களுக்கு இசைத்தட்டு சென்றது. அரக்கினாற் செய்த அத்தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். மேடையில் அரைமணி நேரம் விரித்துப் பாடப்பெற்ற பாட்டு அச்சிறு பொழுதுக்குள் அடங்கவேண்டும். சொல் சுருங்கவேண்டும், முதல் அடியே நெஞ்சைப் பற்றவேண்டும். பாஸ்கரதாஸின் ஆற்றல் இங்கே நன்கு பயன்பட்டது. ஆனால் தட்டின் நடுவே ஒட்டிய வட்டத்தாளிற் பாடகர் பெயரே பெரிதாய் விளங்கியது. புலவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை. நாடெங்கும் ஒலித்த பாட்டுக்களின் ஆசிரியர் நாடறியாதவர் ஆனமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தமிழின் முதற் பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31-ஆந் தேதி சென்னையில் வெளிவந்தபோது அதன் பாட்டுக்களிலும் அவர் கை இருந்தது. காளிதாசன் காலத்துக்கும் கைராட்டைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் இராட்டையைக் காந்தியின் படைக்கலமாகப் போற்றும் பாட்டை டி. பி. ராஜலக்ஷ்மி பாட, மக்கள் ஆரவாரித்தனர். இன்று அப்படத்தின் பிரதி ஒன்றேனும் கிடைக்கவில்லை. அன்று சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் எஞ்சியிருப்பதாலேயே அதன் பாட்டுக்களை நாம் அறிய முடிகிறது.

இந்திய விடுதலையைக் கண்ணாற் கண்டு, 1952-இல் பாஸ்கரதாஸ் மறைந்தார். விடுதலைக்குப் பின் திரைப்பாட்டு வேறு நடை கொண்டது. பழைய மேடைப்பாட்டை நாடுவோர் குறைந்தனர். ஆனால் அவர் பல்லாண்டுகளாக எழுதிவந்த நாட்குறிப்புகளைக் குடும்பத்தார் போற்றிக் காத்தனர். இன்னாருக்கு இன்ன பாட்டு எழுதிக் கொடுத்தேன், இன்ன ஊருக்குச் சென்றேன், இவ்வளவு பணம் பெற்றேன் என்னும் சிறு குறிப்புக்களே இன்று ஒரு காலத்தின் கலை வரலாறாகத் திகழ்கின்றன. அவருடைய பேரர் ச. முருகபூபதி அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னரே தியடோர் பாஸ்கரன் 1981-இல் வெளியிட்ட ஆங்கில ஆராய்ச்சி நூலில் தேசியப் போராட்டத்திற் பாட்டும் மேடையும் ஆற்றிய பணியை நிறுவியிருந்தார். இவ்விருவரும் இலராயின் அப்புலவர் பெயர் மேலும் மங்கியிருக்கும்.

பழைய மாணவ அன்பர்களே! அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். பாட்டுப் புத்தகத்தின் தாள் தொட்டால் உதிரும். 1964-ஆம் ஆண்டுச் சூறாவளியும், நெடுங்காலப் போரும், 2004-ஆம் ஆண்டுக் கடற்கோளும் நம் பகுதி வீடுகளிலிருந்து கொண்டுபோனவை எத்தனையோ. எஞ்சிய பெட்டிகளின் அடியில் ஒரு தட்டோ, அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகமோ, பாட்டனார் எழுதிய கணக்குக் குறிப்போ இருக்கக்கூடும். பழையன என்று அவற்றை எறிந்துவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகமும் ஈழத்தில் நூலக நிறுவனமும் இத்தகையவற்றைப் பேணி வருகின்றன. எமது கல்லூரி நூலகத்திலும் அவற்றுக்கென ஓர் அலுமாரி ஒதுக்குவது இவ்விழா ஆண்டுக்குத் தகுந்த பணியாகும். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோர் அறிந்த பழம்பாட்டு ஒன்றைக் கேட்டு எழுதி, அதனை இயற்றியவர் பெயரையும் தேடிக் குறித்து வைப்பாராக. பாடியவருக்கு நாம் கொடுத்த புகழில் ஒரு பங்கை இயற்றியவருக்கும் கொடுப்பது நம் கடன்.