கிறீன் வைத்தியரும் மாதச் சம்பளம் இல்லாத நோயாளியும்

மேனாட்டு மருத்துவத்தை யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று, அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் குடாநாட்டுக்கு வந்தார். பின்னர் மானிப்பாயே அவரது பணித்தளமாயிற்று.

அக்காலக் குடாநாட்டில் மாதச் சம்பளம் பெற்றோர் மிகச் சிலரே. தோட்டமும் வயலும் கடலும் பனையும் கைத்தொழிலும் சிறு வணிகமுமே ஏனையோரின் சீவனம். இவர்களுக்கான வைத்தியர்களை உள்ளூரிலேயே உருவாக்க முனைந்த கிறீன், முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலம் கற்ற வைத்தியனோ அரசாங்க உத்தியோகத்தைத் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவான். ஊரில் தங்கினாலும் ஏழைக்கு எட்டாத கட்டணம் கேட்பான். 1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பிய கிறீன், 1864 முதல் போதனையைத் தமிழுக்கு மாற்றியதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். உத்தியோகக் கனவோடு வந்த மாணவர் பலருக்கு அது கசப்பாகவே இருந்தது. அவர்களைக் குறைகூற இயலாது, இழப்பு அவர்களுடையது.

‘பிரசவ வைத்தியம்’ 1857இலும், ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் அச்சேறின. கெமிஸ்தம் என்ற சொல் இன்று புன்னகையை வரவழைக்கலாம். ஆனால், அந்த நூல்களைப் பயின்றவர்கள் ஊர்களில் வைத்தியம் பார்த்தார்கள். 1873இல் நாடு திரும்பிய கிறீன், 1884இல் வூஸ்டரில் காலமானார்.

அவர் பிறந்த நாடு பின்னர் வேறு வழியில் சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அங்கே சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆட்களைத் தக்கவைக்க நிறுவனங்கள் மருத்துவக் காப்புறுதியை வழங்கின. வரிச்சலுகை அதனை நிலைபெறச் செய்தது. அதனால் வேலை போனால் காப்புறுதியும் போகும் நிலை உருவாயிற்று. நோயுற்ற பிள்ளையை வைத்திருப்பவர் பிடிக்காத வேலையையும் விடமுடியாமல் தவிப்பார். கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் 2 கோடிக்கும் அதிகமான வேலைகள் அங்கே மறைந்தன. மருத்துவம் மிகவும் தேவைப்பட்ட வேளையில் பலரது காப்புறுதி கேள்விக்குறியாயிற்று.

இலங்கையிலும் இதன் சாயல் உண்டு. மலையகத் தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களிலேயே தொடங்கியது. தனியார் நிறுவனங்களின் குழுக் காப்புறுதியோ ஓய்வுபெறும் வயதில், நீரிழிவும் இதயநோயும் வாசலுக்கு வரும் காலத்தில், கைவிட்டுவிடுகிறது.

அரச வைத்தியசாலைகளில் 1951இல் கட்டணம் நீக்கப்பட்டதன் பெறுமதியைக் குடாநாட்டு மக்கள் துயரத்தில் அறிந்தவர்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடை, தையல், இரும்பு வியாபாரம் யாவும் ஒரே நாளில் பறிபோயின. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்துத் தமிழர்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர்; அவர்களது தொழிலும் வீட்டோடு நின்றுவிட்டது. புத்தளத்திலும் சாவகச்சேரியிலும் வைத்தியசாலைகளில் நெரிசலும் மருந்துத் தட்டுப்பாடும் இருந்தன. எனினும் வரிசையில் நின்றவரின் சிகிச்சை உரிமை, அவர் முந்திய மாதம் எங்கே சம்பளம் வாங்கினார் என்பதைப் பொறுத்திருக்கவில்லை.