சிறிய அறையைப் பெரிதாக்கிய டாம் கில்பர்ன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்

கணிப்பொறியின் வரலாற்றைப் படிப்போர் எவரும் டாம் கில்பர்ன் என்னும் பெயரைக் கடந்து செல்ல முடியாது. ஆயினும் சென்ற பருவம் வரை எனக்கு அது தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு வரியாகவே இருந்தது. அவரைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டியது நம் ஆய்வகத்தில் எனக்கு நேர்ந்த ஒரு சங்கடம்.

செய்முறைத் தேர்வுக்கு ஒன்பது நாள்களே இருந்தன. நான் நிரல் ஒன்றை இயக்கியதும் கணிப்பொறி அசைவற்று நின்றது. மெய்நிகர் நினைவகம் போதவில்லை என்று ஓர் அறிவிப்புத் தோன்றியது. பின்னர்த் திரை இருண்டது. மறுநாளும் அவ்வாறே நிகழ்ந்தது. கை பட்டுக் கெடுத்துவிட்டேனோ என்று நடுங்கினேன். என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எங்கே எது பழுதானாலும் தவறு தன்னுடையதே என்று எண்ணும் அச்சம் என் போன்றோரை விட்டு எளிதில் நீங்குவதில்லை. இரண்டு நாள் மறைத்துவிட்டு, மூன்றாம் நாள் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்து கொள்ளவில்லை. மெய்நிகர் நினைவகத்தை முதலில் இயங்கச் செய்தவரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வருமாறு பணித்தார்.

கில்பர்ன் 1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள டியூஸ்பரியில் பிறந்தார். தந்தை புள்ளிவிவர எழுத்தர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற மகன், போரின் காரணமாகச் சுருக்கப்பட்ட அப்படிப்பை 1942-இல் முடித்தார். மின்னணுவியலில் சில வாரப் பயிற்சி பெற்று, ரேடார் ஆய்வு நடைபெற்ற மால்வர்னில் பிரெடரிக் வில்லியம்சின் குழுவில் சேர்ந்தார். கணிதம் மட்டுமே படித்த இளைஞர் பழுதான மின்சுற்றுகளைச் சீராக்கும் கலையை அங்கேதான் கற்றார்.

போர் முடிந்தபின் இருவரும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திற்குச் சென்றனர். கணிப்பொறிக்கு வேகமான நினைவகம் கிடைக்காமல் பலரும் தவித்த காலம் அது. ரேடார்த் திரைக்குப் பயன்பட்ட எதிர்மின்கதிர்க் குழாயில் மின்னூட்டப் புள்ளிகளாகச் செய்தியைச் சேமிக்க அவர்கள் முயன்றனர். அப்புள்ளிகள் ஒரு விநாடிக்குள்ளேயே மறைந்துவிடும். ஆகவே மறையுமுன் படித்து மீண்டும் மீண்டும் எழுதினர். 1947-இன் முடிவில் ஒரே குழாயில் 2048 பிட்டுகள் நிலைத்தன.

இக்குழாயைச் சோதிக்க ஜெஃப் டூட்டிலும் கில்பர்னும் ஒரு சிறு கணிப்பொறியை அமைத்தனர். 32 பிட்டுகள் கொண்ட 32 சொற்களே அதன் நினைவகம். முதலில் பலமுறை திரையில் புள்ளிகள் பொருளின்றி ஆடினவேயன்றி விடை வரவில்லை. அவர்கள் ஒவ்வொரு பகுதியாகச் சோதித்துத் திருத்தினர். 1948 ஜூன் 21 அன்று, கில்பர்ன் எழுதிய நிரல் 52 நிமிடங்கள் ஓடிச் சரியான விடையைத் தந்தது. தன் நினைவகத்திலேயே நிரலை வைத்துக்கொண்டு ஒரு மின்னணுக் கணிப்பொறி இயங்கியது அதுவே முதன்முறை.

ஆனால் அவருடைய பெரும் பணி பின்னரே வந்தது. 1956-இல் அவர் தொடங்கிய வேகக் கணிப்பொறித் திட்டத்தில் 1959-இல் ஃபெரான்டி நிறுவனமும் இணைந்தது. கணிப்பொறி அட்லஸ் எனப் பெயர் பெற்றது. அதன் முதன்மை நினைவகத்தில் 16,384 சொற்களும், சுழலும் காந்த உருளைகளில் 98,304 சொற்களும் அடங்கும். முன்னது வேகமானது, இடம் குறைவு. பின்னது இடம் மிகுந்தது, வேகம் குறைவு. எதை எப்போது எங்கிருந்து எங்கே மாற்றுவது என்பதை அந்நாளில் நிரல் எழுதுவோரே திட்டமிட வேண்டியிருந்தது. அச்சுமையைக் கணிப்பொறியின் தோளுக்கு மாற்றினார் கில்பர்ன்.

இங்கே எனக்கு என் தந்தை மூட்டை சுமக்கும் மளிகைக் கடை நினைவுக்கு வந்தது. முன்னால் சிறிய அலமாரி. பின்னால் பெரிய கிடங்கு. வாங்க வருவோருக்குக் கிடங்கு தெரியாது; எல்லாம் கடையில் இருப்பதாகவே எண்ணுவர். விற்பனை குறைந்த சரக்கைப் பின்னே அனுப்பி, கேட்ட சரக்கை முன்னே கொண்டு வருவது கடைக்காரர் திறம். அட்லஸும் அவ்வாறே நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுத்தது. கேட்ட பக்கம் முன்னே இல்லையெனில் உருளையிலிருந்து கொணர்ந்தது. எதை வெளியேற்றலாம் என்பதைப் பயன்பாட்டைக் கவனித்துத் தானே முடிவு செய்தது. வரும் பக்கத்திற்காக எப்போதும் ஓரிடத்தைக் காலியாகவும் வைத்திருந்தது. 1962 டிசம்பர் 7 அன்று அட்லஸ் தொடங்கி வைக்கப்பட்டது.

கிடங்கு நிரம்பிவிட்டால்? அல்லது ஒரே நேரத்தில் அலமாரி கொள்ளாத அளவுக்குச் சரக்கைக் கேட்டால்? உருளையில் ஒரு பக்கத்தைத் தேட ஏறத்தாழ 6 மில்லி விநாடி ஆகும். முதன்மை நினைவகத்திற்கோ 2 மைக்ரோ விநாடி போதும். தூக்குவதிலும் இறக்குவதிலுமே பொழுது போனால் வேலை நகராது. இந்நிலையின் காரணத்தை 1968-இல் பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க அறிஞர் விளக்கினார்: ஒவ்வொரு நிரலுக்கும் அவ்வப்போது தேவைப்படும் பக்கங்கள் முதன்மை நினைவகத்தில் ஒருசேர இடம்பெற வேண்டும்.

இவற்றைப் படித்தபின் பேராசிரியருடன் அக்கணிப்பொறியின் முன் அமர்ந்தேன். வட்டில் காலியிடமே இல்லை. பழைய மாணவர்களின் கோப்புகளும் திரைப்படங்களும் நிறைந்திருந்தன. பக்கக் கோப்பின் அளவையும் யாரோ மிகச் சிறிதாக வரையறுத்திருந்தனர். வேண்டியவற்றைப் படியெடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை நீக்கினோம். பக்கக் கோப்பின் அளவை இயக்க முறைமையின் பொறுப்பிலேயே விட்டோம். பிறகு என் நிரலைப் பார்த்தோம். ஒரு மடக்கின் முடிவு நிபந்தனை தவறாக இருந்ததால் அது நினைவகத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பெற்றதைத் திருப்பித் தரவில்லை. ஆக, பாதிப் பிழை என்னுடையதுதான். ஆனால் அது கண்டறிந்து திருத்தக்க ஒரு வரி. என் தகுதியின் குறை அன்று. அக்கணிப்பொறி பிறருக்கும் பலமுறை நின்றிருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. சொல்லத்தான் எவரும் துணியவில்லை.

கில்பர்ன் 1964-இல் மான்செஸ்டரில் கணிப்பொறி அறிவியல் துறையை நிறுவினார்; 1965-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்; 1981-இல் ஓய்வு பெற்றார். தம் முதற்கணிப்பொறியின் மறுவடிவம் 1998-இல், ஐம்பதாம் ஆண்டில், இயங்கியதைக் கண்டு மகிழ்ந்தார். 2001 ஜனவரி 17 அன்று மறைந்தார்.

விடை வராத நாள்களில் அவர் வெட்கப்படவில்லை; காரணத்தைத் தேடினார். நண்பர்களே, நம் ஆய்வகத்தில் இனி ஒரு கணிப்பொறி நின்றால் எழுந்து வேறிடத்திற்குப் போய்விடாமல், கையை உயர்த்திச் சொல்வோமாக!