உடம்பையே பணயம் வைத்த ஹால்டேன்!

கடலுக்கடியில் மூச்சுவிடும் வித்தையை அறிய உயிரையே பணயம் வைத்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1892-ல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். அப்பாவும் மூச்சை ஆராய்ந்த விஞ்ஞானிதான்.

99 பேர் பலி

1939 ஜூன் 1-ந் தேதி தெட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் முழுகி 99 பேர் மாண்டனர். காரணம் அறிய, ஹால்டேனும் கூட்டாளிகளும் இரும்பு அறைக்குள் 14 மணி நேரத்துக்கு மேல் அடைந்து கிடந்தனர். மண்டை பிளக்கும் வலி, மூச்சிரைப்பு! விட்ட மூச்சில் சேரும் கரியமில வாயுதான் எமன் என்று தெரிந்தது.

ஆக்சிஜனும் விஷம்

முக்குளிப்போர் கருவி, விட்ட மூச்சில் கரியமிலத்தை ரசாயனத்தால் வடித்து, ஆக்சிஜன் சேர்த்து மறுபடி தரும். ஆனால் ஆழத்தில் வெறும் ஆக்சிஜனைச் சுவாசித்தால் வலிப்பு வரும். சோதனையில் ஹால்டேனுக்கே வந்து முதுகெலும்பு நொறுங்கியது. ஆழம் கூடக் கூட, கலவையில் ஆக்சிஜன் பங்கு குறைய வேண்டும்.

1957-ல் கல்கத்தா வந்தார்; பின்னர் இந்தியக் குடிமகன் ஆனார். 1964 டிசம்பர் 1-ந் தேதி புவனேசுவரத்தில் புற்றுநோயால் காலமானார். உடலைக்கூட காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்.

சென்னை பள்ளிக்கரணை கடல் தொழில்நுட்பக் கழகம், 3 பேர் 6 ஆயிரம் மீட்டர் ஆழம் போக உருவாக்கிய மத்ஸ்யா-6000 கலத்திலும் முதல் கணக்கு அதுதான்: ஆக்சிஜன் குறையக் கூடாது, கரியமிலம் சேரக் கூடாது!