16 கிராம் விமானம்

பால்சா மரத்தாலான விமானப் பொம்மையின் வயிற்றுப் பகுதியில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அதை முறுக்கிவிட்டால் விசிறி சுழலும், விமானம் எழும். பறக்கும் மாதிரிகளுக்கு இந்த முறுக்கு விசையைக் கொண்டுவந்தவராக வரலாறு குறிப்பிடுவது பிரெஞ்சுக்காரரான அல்போன்ஸ் பெனோவை.

1850-இல் பாரிஸில் கடற்படைத் தளபதி ஒருவரின் மகனாகப் பிறந்தார் பெனோ. அவரும் கடலுக்குச் சென்றிருக்க வேண்டியவர்தான். இடுப்பு மூட்டு நோய் அவரை ஊன்றுகோலோடு பிணைத்துவிட்டது. எனவே, வானத்தின் பக்கம் திரும்பினார்.

1871 ஆகஸ்ட் 18. பாரிஸ் கிளர்ச்சியில் துய்லெரி அரண்மனை தீக்கிரையாகி மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. அந்த அரண்மனைத் தோட்டத்தில், அறிஞர்கள் சிலரின் முன்னிலையில் 16 கிராம் எடையுள்ள மாதிரி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவு பறந்தது அது. தொலைவைவிட முக்கியமானது, அது தடுமாறாமல் பறந்தது என்பதே. மேல்நோக்கி வளைந்த இறக்கை நுனிகளும் வால் பகுதியின் சிறு சாய்வும் சேர்ந்து, ஓட்டுநர் இல்லாமலேயே விமானத்தைச் சமநிலையில் வைத்திருந்தன.

1876-இல் பெனோவும் பால் கோஷோ என்ற எந்திரவியலாளரும் இருவர் அமரும் விமானம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். நீரிலும் நிலத்திலும் இறங்கும் அமைப்பு, உள்ளே மடங்கும் சக்கரங்கள், எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு விசிறிகள், ஒரே கைப்பிடியில் கட்டுப்பாடு என்று பிற்கால விமானத்தின் அங்கங்கள் பல அந்த வரைபடத்தில் இருந்தன. அதைக் கட்டிப்பார்க்கப் பணம்தான் இல்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், பணம் தர மறுத்தவர்களை மட்டுமே நான் குறைகூற மாட்டேன். அன்றைய நீராவி எந்திரம் வானில் தூக்கிச் செல்ல இயலாத அளவுக்குக் கனமானது; பெட்ரோல் எந்திரமோ இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆயினும், இலேசான எந்திரத்தைத் தேடுவதற்கும் மூலதனம் வேண்டுமே! ஆதாயம் எப்போது வரும் என்று சொல்ல முடியாத முயற்சிக்குக் கைகொடுக்க ஒரு செல்வந்தரின் மனம் இளகுவதைத் தவிர பெனோவுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தச் செல்வந்தர், நீராவியால் இயங்கும் வான்கப்பலை 1852-லேயே ஓட்டிய ஆன்றி ஜிஃபார். அவரும் கைவிரித்துவிட்டார். 1880-இல் பெனோ தம் வரைபடங்களை ஒரு சிறு சவப்பெட்டியில் வைத்து ஜிஃபாரின் இல்லத்தில் சேர்ப்பித்தார். பிறகு தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 30. இரண்டாண்டுகள் கழித்து மறைந்த ஜிஃபார், தம் செல்வத்தை அறிவியலுக்கும் மனிதநேயப் பணிகளுக்கும் பயன்படுமாறு நாட்டுக்கே எழுதிவைத்திருந்தார். அதில் ஒரு சிறு பங்கு முன்னதாகவே பெனோவுக்குக் கிடைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பெரிய விமானத்துக்குத்தான் ஆதரவு இல்லை. பெனோவின் பொம்மைக்குச் சந்தை இருந்தது. அவர் 1870-இல் வடிவமைத்த ரப்பர் விசை ஹெலிகாப்டரின் சாயலில் செய்யப்பட்ட பொம்மை ஒன்றை, 1878-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் தம் மகன்களுக்கு வாங்கிவந்தார். மூத்தவன் வில்பருக்கு 11 வயது, இளையவன் ஆர்விலுக்கு 7. அது உடைந்ததும் சிறுவர்கள் தாங்களே வேறொன்று செய்துகொண்டார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய விமானம் ஆர்விலைச் சுமந்துகொண்டு முதன்முதலாக எழுந்தது. 12 விநாடிகளில் அது கடந்த தொலைவு 36.5 மீட்டர், துய்லெரி தோட்டத்துப் பொம்மை பறந்த தொலைவைவிடச் சற்றே குறைவு.