கங்கை கொண்ட சிவசரணசேகரன்

மன்னர் தமக்கென எழுப்பும் மாளிகை அவர்தம் குலத்தோடு மறையும். மகேசனுக்கென எழுப்பும் ஆலயமோ குலம் மறைந்த பின்னும் நிலைபெறும். இவ்வுண்மைக்குச் சோழவளநாட்டிலே கண்கூடான சான்றாக விளங்குவது கங்கைகொண்ட சோழபுரம். முடிவேந்தர் கொலுவீற்றிருந்த அரண்மனை அங்கே மாளிகைமேடு என்னும் பெயருடன் செங்கல் அடித்தளமாய்க் கிடக்கிறது. கங்கைகொண்ட சோழீச்சரத்துப் பெருமான் திருக்கோயிலோ விண்ணளாவி நிற்கிறது. அக்கோயிலை எடுப்பித்த முதலாம் இராசேந்திர சோழதேவனின் வாழ்வு, வாளின் வலிமையும் வழிபாட்டின் பெருமையும் ஒருங்கே பின்னிய வரலாறாகும்.

மாமன்னன் முதலாம் இராசராசனுக்கும் வானவன் மாதேவியாருக்கும் திருமகனாக, ஆடவல்லானுக்கு உகந்த திருவாதிரை நாளில் தோன்றியவன் இராசேந்திரன். மதுராந்தகன் என்பது அவனது இளமைப் பெயர். தந்தை சிவபாதசேகரன் எனப் பெயர் பூண்டது போலவே, தனயனும் சிவசரணசேகரன் எனப் பெயர் பூண்டான். கி.பி. 1012-ல் இளவரசுப் பட்டம் பெற்றுத் தந்தையுடன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றான். 1014 முதல் தனியரசு செலுத்தினான். தஞ்சைப் பெரிய கோயிலின் எழிலைக் கண்ட அவ்வேந்தனுக்கு, தந்தையின் புகழே ஊக்கமும் ஆயிற்று. கடக்க வேண்டிய மலையும் ஆயிற்று.

அவனுடைய படைகள் நாற்றிசையும் சென்றன. 1017-ஆம் ஆண்டளவில் ஈழம் முழுவதும் சோழர் ஆட்சிக்கு உட்பட்டது. பாண்டியர் முன்னாளில் அங்கே அடைக்கலமாக வைத்திருந்த மணிமுடியும் ஆரமும் சோழர் கைப்பட்டன. ஈழ வேந்தன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுத் தமிழகம் வந்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இங்கேயே உயிர் நீத்தான். போரின் கொடுமையை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. விகாரங்கள் கொள்ளையுண்டதைச் சிங்கள நாட்டின் சூளவம்சம் வருத்தத்துடன் கூறுகிறது. இளவரசனாக அவன் நடத்திய படையெடுப்பில் குடிமக்கள் பட்ட துயரைக் கன்னட நாட்டின் ஹொட்டூர்க் கல்வெட்டு எடுத்துரைக்கிறது. எனினும், அதே சோழர் ஆட்சியில் திருகோணமலைக்கு அருகே பௌத்தப் பள்ளி ஒன்று இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயருடன் தமிழரின் கொடைகளைப் பெற்றுத் தழைத்தது. பொலன்னறுவையில் வானவன் மாதேவி ஈசுவரம் என்னும் கற்றளி இன்றும் நின்று நிலவுகிறது.

பின்னர், 1022-23-ஆம் ஆண்டுகளில் சோழப் பெரும்படை கலிங்கத்தையும் தண்டபுத்தியையும் வங்காளத்தையும் கடந்து சென்று, பால மன்னன் மகிபாலனையும் வென்றது. அப்படை கொணர்ந்தது பொன்னும் மணியும் மட்டுமன்று. புண்ணிய கங்கையின் நீரும் ஆகும். கோதாவரிக் கரைவரை சென்று தன் சேனையை எதிர்கொண்டான் மன்னன். பகைவர் நாட்டில் கல்லால் வெற்றித்தூண் நாட்டுவது அக்கால வேந்தர் வழக்கம். இராசேந்திரனோ தன் நாட்டிலே பேரேரி ஒன்று அகழ்ந்து, சோழகங்கம் எனப் பெயரிட்டு, அதனை நீரால் ஆகிய வெற்றித்தூணாகக் கொண்டான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. கல்தூண் காண்பார் கண்ணுக்கே விருந்து. நீர்த்தூண் உழவர் வயலுக்கும் உணவு. வென்ற புகழை மக்களுக்குப் பயன்படும் வடிவில் நிறுத்திய அறிவு போற்றற்குரியது.

அவன் வரலாற்றுள் வியப்பும் வினாவும் மிகுந்த பகுதி கடார வெற்றியாகும். கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட சைலேந்திர மரபினர் சோழர்க்கு நண்பராய் இருந்தவர். அம்மரபின் மாற விசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் தன் தந்தையின் பெயரால் சூளாமணி விகாரத்தை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் பள்ளிச்சந்தமாக அளிக்க ஆணையிட்டான். தந்தை மறைந்த பின் அவ்வறக்கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைபெறச் செய்தவன் இராசேந்திரனே. கடாரத்தரையனின் அலுவலரும் நாகைக் காரோணத்து இறைவனுக்கு அணிகலன்களும் சீனக் கனகமும் காணிக்கையாக்கினர். புத்தனை வணங்கிய மன்னன் சிவனுக்குப் பொன் அளிப்பதும், சிவனடி போற்றிய மன்னன் புத்தப்பள்ளிக்கு ஊர் அளிப்பதும் அக்காலத்துக்கு இயல்பாய் அமைந்தன.

அத்தகைய நட்பு 1025-ல் போராக மாறியது. சோழர் மரக்கலங்கள் அலைகடல் நடுவே சென்று கடார மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்படுத்தின. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் முதலிய பதின்மூன்று இடங்கள் அவன் மெய்க்கீர்த்தியில் வரிசையாகப் போற்றப்பெறுகின்றன. போருக்கான காரணத்தை அம்மெய்க்கீர்த்தி கூறவில்லை. அக்காலத்தில் மேற்கே எகிப்தின் பாத்திமர்க்கும் கிழக்கே சீனத்துச் சோங் பேரரசுக்கும் இடையே மிளகும் பட்டும் கற்பூரமும் ஏற்றிய கலங்கள் மலாக்கா நீரிணை வழியே சென்றன. அவ்வாயிலைக் காத்து நின்றது ஸ்ரீவிசயம். வணிகர்க்கு அங்கே நேர்ந்த தடையே போருக்கு வித்திட்டிருக்கலாம் என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. சோழர் அத்தீவுகளில் தங்கி ஆளவில்லை. வழி திறந்தது போதும் என மீண்டனர். 1033-ல் இராசேந்திரனின் தூதுக்குழு சீனப் பேரரசனின் அவையை அடைந்தது. 1088-ல் சுமாத்திராத் தீவின் பாரூசுப் பகுதியில் ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகர் குழு தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்தது.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. கடாரத்து வேந்தனைச் சிறைப்பிடித்த மன்னன், கடாரத்தார் கட்டிய விகாரத்தை இடிக்கவில்லை. 1090-ல் அவன் பெயரன் முதலாம் குலோத்துங்கன் அவ்விகாரத்துக்கு மீண்டும் உரிமைகள் அளித்தமை, அது தொடர்ந்து தழைத்ததைக் காட்டும். ஈழத்தில் விகாரங்கள் பட்ட துயரை எண்ணுங்கால், நாகையில் ஒரு விகாரம் காக்கப்பட்டமை முழுமையான ஈடாகாது. ஆயினும், பகை மூண்ட போதும் கொடுத்த அறத்தை மீட்காமை பெருந்தகைமையே ஆகும்.

வென்ற செல்வம் அறத்துக்கும் கல்விக்கும் பயன்பட்டது. எண்ணாயிரத்தில் 340 மாணாக்கர் வேதமும் இலக்கணமும் பிறவும் பயில நிலமும் நெல்லும் அளிக்கப்பட்டன. திருவாரூர்த் தியாகேசர் கோயில், அனுக்கியார் பரவை நங்கையாரின் வேண்டுகோளால் கற்றளியாகிப் பொன்வேயப் பெற்றது. மன்னனும் அந்நங்கையும் நின்று தொழுத இடத்தில் விளக்கொன்றும் ஏற்றப்பட்டது. யாவற்றுக்கும் சிகரமாக எழுந்தது கங்கைகொண்ட சோழீச்சரம். தஞ்சை விமானம் பதின்மூன்று நிலை. இதுவோ ஒன்பது நிலை. தந்தையின் விமானத்தினும் உயரத்தில் குறைந்து, நளினத்தில் சிறந்து, வளைந்தெழும் வடிவினது. கருவூர்த்தேவரின் திருவிசைப்பாவும் பெற்றது இத்தலம். வடபுற வாயிலருகே, சண்டேசருக்கு இறைவன் தன் திருக்கரத்தால் மாலை சூட்டி அருளும் சிற்பம் உள்ளது. மண்ணுலகை வென்ற மன்னவன் பணிந்து அமர்ந்து இறைவன் சூட்டும் மாலையை ஏற்பதாகவே அதனைக் கண்டு உணர்வாரும் உளர்.

1044-ல் தொண்டைநாட்டுப் பிரமதேசத்தில் இராசேந்திரன் மறைந்தான். அவன் தேவி வீரமாதேவியார் உடன்கட்டை ஏறினார். அத்தேவியின் உடன்பிறந்தான் தன் தமக்கையின் நினைவாக அவ்வூரில் தண்ணீர்ப் பந்தல் அமைக்க அறம் வைத்தான். கங்கையை வென்று கொணர்ந்தவன் வாழ்வு, வழிப்போக்கர் தாகம் தணிக்கும் குளிர்நீரோடு நிறைவுற்றது எண்ணி உருகத்தக்கது.

சோழர் குலம் அற்றபின் அப்பெருநகரும் பொலிவிழந்தது. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காகக் கோயில் மதிற்கற்களே பெயர்த்தெடுக்கப்பட்டன. ஆயினும் விமானம் நின்றது, வழிபாடு நின்றுவிடவில்லை. 2004-ல் உலக மரபுச் சின்னமாக மதிக்கப்பெற்ற அத்திருக்கோயிலில் 2017-ல் குடமுழுக்கு நிகழ்ந்தது. பதின்மூன்று பதிகளை வென்ற படையின் ஆரவாரம் அடங்கி நெடுங்காலம் ஆயிற்று. அன்று ஏற்றிய திருவிளக்கு அணையவில்லை. ஆலயத் திருப்பணியில் ஒரு கல் சுமந்தாரும், ஒரு குடம் நீர் வார்த்தாரும், அம்மாமன்னன் இறுதியில் நாடிய அழியாப் புகழிலே பங்குடையோர் ஆவர். ஈசன் திருவருள் எங்கும் ஓங்குக!